சுவருக்கு ஆள் தெரியுமா?

கேள்வி: தடையைத் தாண்டப் போதுமான ஆற்றல் இல்லாத எலக்ட்ரான்கூட மறுபக்கம் போய்விடும் என்று பாடத்தில் படித்தேன். சுவரில் ஓட்டை இருக்கிறதா என்ன?
– பிளஸ் டூ மாணவர், திருவாரூர்

பதில்: ஓட்டை எதுவும் இல்லை. எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும் என்பதை ஏற்றுக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும். சுவர் தொடங்கும் இடத்தில் அந்த அலை வெட்டென்று நின்றுவிடுவதில்லை; உள்ளே போகப் போகத் தேய்கிறது. முழுதாகத் தேய்வதற்குள் சுவர் முடிந்துவிட்டால் மறுபக்கத்தில் கொஞ்சம் அலை மிஞ்சும். அந்த மிச்சம்தான் எலக்ட்ரான் அங்கே அகப்படும் வாய்ப்பு. 1928-இல் ஜார்ஜ் கேமோவ் இதை வைத்துத்தான் ஆல்ஃபா கதிரியக்கத்தை விளக்கினார். அதே ஆண்டில் கர்னியும் காண்டனும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள்.

ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் தடிமன் கூடும்போது ஊடுருவல் மடங்கு மடங்காகச் சரிகிறது. ஊடுருவல் மின்னோட்டத்தை வைத்து அணுக்களைப் படம்பிடிக்கும் நுண்ணோக்கியில், ஊசிமுனை 0.1 நானோமீட்டர் விலகினாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். எலக்ட்ரானின் நிறை கொஞ்சம் கூடினாலும் இதே சரிவுதான். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தச் சரிவின் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தானா, நம் வீட்டிலும் நடக்கிறதா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: பென்டிரைவில் ஒரு படத்தைச் சேமிக்கும்போதெல்லாம் நடக்கிறது. சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு சுவரை ஊடுருவ வைத்து எலக்ட்ரான்களை உள்ளே அடைக்கிறார்கள். பிடுங்கிப் பையில் போட்ட பிறகும் படம் அழியாமல் இருப்பதற்குக் காரணம், வெளியே வருவதற்கும் அதே சுவர் குறுக்கே நிற்பதுதான்.

கேள்வி: ஸ்பின் என்றால் எலக்ட்ரான் தன்னைத் தானே சுற்றுகிறது என்றுதானே அர்த்தம்?
– ஆசிரியப் பயிற்சி மாணவி, திண்டுக்கல்

பதில்: வகுப்பில் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். எலக்ட்ரானைச் சின்ன உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். 1925-இல் லெய்டனில் உலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் இந்தக் கருத்தை எழுதிக் கொடுத்தபோது மூத்தவர் லோரன்ட்ஸ் சுட்டிக்காட்டிய சிக்கல் இதுதான். பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று ஓடினார்கள். ஆசிரியர் எரென்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். ஒரு முட்டாள்தனத்தைச் செய்தாலும் தாங்கிக்கொள்ளும் வயதுதான் இருவருக்கும் என்று தேறுதல் சொன்னாராம். அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

ஸ்பின் என்பது எலக்ட்ரானின் பிறவிக் குணம். அதோடு ஒரு நுண்ணிய காந்தத்தன்மையும் ஒட்டிக்கொண்டே வரும். எந்தத் திசையில் அளந்தாலும் இரண்டே விடைகள்தான்: மேல் அல்லது கீழ். இதைக் கண்ணால் பார்த்தது அந்தக் கட்டுரைக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. 1922 பிப்ரவரியில் பிராங்பர்ட்டில் கெர்லாக் வெள்ளி அணுக் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தி ஒரு கண்ணாடித் தகட்டில் பிடித்தார். இந்தச் சோதனையில் அவருடைய கூட்டாளியான ஷ்டெர்ன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, முந்தைய முயற்சி ஒன்றில் முதலில் தகட்டில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளிப் படலம் அவ்வளவு மெலிது. ஷ்டெர்ன் தகட்டின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கற்றையின் தடம் மெல்ல மெல்லக் கருத்து எழுந்தது. கையில் காசு குறைவு என்பதால் அவர் மட்டமான சுருட்டு பிடிப்பவர். அந்தப் புகையில் கந்தகம் அதிகம். மூச்சுப் பட்டதும் வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாகக் கருத்துவிட்டது. பிப்ரவரியில் கிடைத்த தகட்டில் ஒரே கோடாக இருக்க வேண்டியது நடுவில் பிளந்து, சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியோடு இரண்டாக நின்றது. அன்று அவர்கள் அதற்குச் சொன்ன விளக்கம் வேறு. அந்தப் பிளவு ஸ்பினுடையது என்பது பின்னால்தான் புரிந்தது.

கேள்வி: சரி, இரண்டு வகை எலக்ட்ரான் இருக்கிறது. ஊடுருவும்போது சுவர் "நீ மேலா, கீழா" என்று ஆள் பார்த்து விடுமா?
– பொறியாளர், ஓசூர்

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பக்கத்தில் காந்தம் இருந்தால் பார்க்கும் என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி. 1970-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் டெட்ரோவும் மெசர்வியும் காந்த உலோகத்திலிருந்து ஊடுருவி வரும் எலக்ட்ரான்களில் ஒரு வகை அதிகம் என்று அளந்து காட்டினார்கள். 1975-இல் பிரான்சின் ஜூலியே, இரும்புக்கும் கோபால்ட்டுக்கும் நடுவே ஜெர்மானியம் படலத்தை வைத்தார். இரு காந்தங்களும் ஒரே திசை பார்க்கும்போதும் எதிர்த் திசை பார்க்கும்போதும் மின்தடையில் சுமார் 14 விழுக்காடு வித்தியாசம். ஆனால் அதற்கு 4.2 கெல்வின் குளிர் வேண்டியிருந்தது.

அறை வெப்பநிலையில் இதைச் சாதிக்க 20 ஆண்டுகள் பிடித்தன. 1995-இல் ஜப்பானில் மியாசாகி குழுவும் எம்ஐடியில் ஜகதீஷ் மூடேரா குழுவும் அலுமினியம் ஆக்சைடு சுவரை வைத்துச் செய்துகாட்டினார்கள். மூடேரா நம் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய மெசர்வியும் அந்தக் குழுவில் இருந்தார். 2004-இல் சுவரை மெக்னீசியம் ஆக்சைடுக்கு மாற்றியதும் வித்தியாசம் 200 விழுக்காட்டை எட்டியது. ஹார்டு டிஸ்க் தகட்டைப் படிக்கும் முனைக்குள் போய் உட்கார்ந்தது இதுதான்.

ஆனால் உங்கள் கேள்வியின் கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஆட்களை முதலில் பிரித்துவைப்பது காந்தம். சுவர் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே. காந்தத்தை எடுத்துவிட்டால், வெறும் குறைக்கடத்திச் சுவர் தானாகவே ஆள் பார்க்குமா? பார்க்கும்.

கேள்வி: காந்தமே இல்லாத இடத்தில் காந்தப்புலம் எங்கிருந்து வரும்? ஆகாயத்திலிருந்தா?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பாளையங்கோட்டை

பதில்: வேகத்திலிருந்து வரும். அணுக்கருவைச் சுற்றி மின்புலம் இருக்கிறது. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அது மின்புலம் மட்டும்தான். அதே இடத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் எலக்ட்ரானுக்கு அதில் ஒரு பங்கு காந்தப்புலமாகத் தெரியும். இது சார்பியல் தரும் முடிவு. எலக்ட்ரானின் ஸ்பின்னும் ஒரு காந்தம் அல்லவா? அது இந்தப் புலத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறது. ஆக, எலக்ட்ரான் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் அதன் ஸ்பின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இதற்குத்தான் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு என்று பெயர்.

வெற்றிடத்தில் பறக்கும் எலக்ட்ரானுக்கு இது மிக மிகச் சிறியது. சமன்பாட்டில் வகுக்கும் இடத்தில் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையை உண்டாக்கும் ஆற்றல் உட்கார்ந்திருக்கிறது: ஏறத்தாழ 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். குறைக்கடத்திப் படிகத்துக்குள் அந்த இடத்தை எடுத்துக்கொள்வது ஆற்றல் பட்டைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி. அது 1 எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் இருக்கும். வகுக்கும் எண் அவ்வளவு சிறுத்தால் விடை எவ்வளவு பெருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனமான அணுக்கள் இருந்தால் இன்னும் கூடும். பட்டைகளில் இந்தப் பிணைப்பு ஏற்படுத்தும் பிளவு சிலிக்கானில் 0.044 எலக்ட்ரான் வோல்ட். காலியம் ஆர்சனைடில் 0.34, இண்டியம் ஆண்டிமனைடில் சுமார் 0.8.

கேள்வி: ராஷ்பா விளைவு, டிரெஸ்ஸல்ஹாஸ் விளைவு. இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பிவிடுகிறது. ஒரே மூச்சில் விளக்க முடியுமா?
– முதுநிலை இயற்பியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: இரண்டு மூச்சு வேண்டும். முதல் மூச்சு: படிகத்தின் நடுப்புள்ளியில் நின்று எல்லா அணுக்களையும் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிப் பாருங்கள். சிலிக்கானில் படம் மாறாது. காலியம் ஆர்சனைடில் காலியம் இருந்த இடத்துக்கு ஆர்சனிக் வந்துவிடும், படம் மாறிவிட்டது. இப்படிப் படிகமே ஒருதலைப்பட்சமாக இருப்பதால் ஓடும் எலக்ட்ரானின் ஆற்றல் ஸ்பின்னைப் பொறுத்துப் பிரிகிறது என்று 1955-இல் காட்டியவர் ஜீன் டிரெஸ்ஸல்ஹாஸ்.

இரண்டாம் மூச்சு: படிகம் சமச்சீராகவே இருக்கட்டும். நீங்கள் கட்டிய அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், அதாவது மேலே ஒரு பொருளும் கீழே வேறொரு பொருளும் இருந்தாலோ மின்புலம் ஒரு திசையில் அழுத்தினாலோ, அதே வகைப் பிரிவு வரும். இதன் வேர் எம்மானுவேல் ராஷ்பா 1959-இல் ஷேகாவோடு எழுதியதில் இருக்கிறது. இருபரிமாண எலக்ட்ரான் படலத்துக்கு ஏற்ற வடிவத்தை 1984-இல் பிச்கோவும் ராஷ்பாவும் கொடுத்தார்கள். வேறுபாட்டை நினைவில் வைக்க ஒன்று போதும்: டிரெஸ்ஸல்ஹாஸ் பொருளோடு பிறந்தது, ராஷ்பாவை வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். அப்படிக் கூட்டிக் குறைக்க முடியும் என்று 1997-இல் ஜப்பானில் நிட்டா குழுவினர் அளந்தே காட்டினார்கள்.

கேள்வி: சிலிக்கான் சுவர் ஆள் பார்க்குமா?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பதில்: தனியாக விட்டால் பார்க்காது. சமச்சீரான படிகம், இலேசான அணு. ஆனால் ஸ்பின்னை நெடுநேரம் கெடாமல் வைத்திருக்க அதுதான் நல்ல இடம்.

கேள்வி: காந்தமில்லாத சுவர் எப்படித்தான் ஆள் பார்க்கிறது? சுற்றி வளைக்காமல் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.
– கல்லூரிப் பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: வாருங்கள். 1990-களின் இறுதியில் தைவானில் வொஸ்கொபொய்னிகோவும் உடன் ஆய்வாளர்களும் ராஷ்பா வழியாக ஒரு கணக்குப் போட்டார்கள். சுவரின் இடது முகமும் வலது முகமும் ஒரே மாதிரி இருந்தால் ராஷ்பா விளைவு இரண்டிலும் எதிரெதிராக நின்று அடிபட்டுப்போகும். ஆகவே முகங்கள் வேறுபட வேண்டும், அல்லது மின்னழுத்தம் கொடுத்துச் சுவரைச் சாய்க்க வேண்டும். அப்போது ஊடுருவல் ஸ்பின்னைப் பொறுத்து மாறும்.

2003-இல் பெரெல், தரசென்கோ, யாசியெவிச் ஆகியோர் ஜெர்மன் நண்பர்களுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை என்னை இன்றைக்கும் அசத்துகிறது. முதல் மூவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஐயோஃபே நிறுவனத்துக்காரர்கள். இரண்டு முகமும் ஒன்றாக உள்ள, ஒரு பக்கமும் சாயாத சுவரே போதும் என்றார்கள். டிரெஸ்ஸல்ஹாஸ் பிணைப்பைச் சுவருக்குள் எழுதிப் பார்த்தால், சுவரை நோக்கிய திசையில் எலக்ட்ரானின் நிறையைத் திருத்தும் ஓர் உறுப்பாக அது மாறிவிடுகிறது. ஒரு ஸ்பின்னுக்கு நிறை கொஞ்சம் கூடும், மற்றதற்குக் குறையும். நிறை குறைந்தவன் சுவருக்குள் மெதுவாகத் தேய்கிறான், மறுபக்கம் அதிகமாக வந்து சேர்கிறான். தடை எத்தனை உயரம் என்பது இருவருக்கும் ஒன்றே. கனம்தான் வேறு.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். சுவர் காலியம் ஆண்டிமனைடு. டிரெஸ்ஸல்ஹாஸ் குணகம் இதில் காலியம் ஆர்சனைடைவிட ஏழெட்டு மடங்கு. தடிமன் 10 நானோமீட்டர், தடையின் உயரம் 0.2 எலக்ட்ரான் வோல்ட், சுவருக்கு இணையான அலையெண் மீட்டருக்கு 20 கோடி என்று எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஒரு ஸ்பின்னுக்கு நிறை 4 விழுக்காடு கூடுகிறது, மற்றதற்கு 4 விழுக்காடு குறைகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் முதல் பதிலில் சொன்ன சரிவை இதில் வைத்துப் பாருங்கள்: கனத்த வகையில் 100 எலக்ட்ரான் மறுபக்கம் வந்தால் இலேசான வகையில் ஏறத்தாழ 145 வரும். காந்தம் எதுவும் இல்லாமல்!

இதற்கு விலையும் உண்டு. அந்தச் சுவரை மோதும் எலக்ட்ரான்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மறுபக்கம் போகும். சுவரைத் தடிமனாக்கினால் பிரிப்பு நன்றாகும், வரத்து இன்னும் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் கருவி செய்பவரின் தலைவலி.

கேள்வி: சுவரை நேராக, செங்குத்தாக மோதினால்?
– பிளஸ் ஒன் மாணவி, உடுமலைப்பேட்டை

பதில்: பிரிப்பு பூஜ்யம். சுவரோடு ஒட்டிய திசையில் கொஞ்சமாவது வேகம் இருந்தால்தான் நிறை இரண்டாகப் பிரியும். சாய்வாக மோதுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சுவர் சோதனை வைக்கும்.

கேள்வி: அப்படியானால் ஒரு பேட்டரி, ஒரு சுவர் இருந்தால் போதும், ஸ்பின் மின்னோட்டம் கைக்கு வந்துவிடும். காந்தக் கம்பெனிகளை எல்லாம் மூடிவிடலாமா?
– வணிகர், விருதுநகர்

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தப் பகுதியிலேயே இதுதான் முக்கியமான கேள்வி.

சுவரை இடப்பக்கமாகச் சாய்ந்து மோதும் எலக்ட்ரான்களில் எந்த ஸ்பின்னை அது ஆதரிக்கிறதோ, வலப்பக்கமாகச் சாய்ந்து மோதுகிறவற்றில் அதற்கு நேர் எதிரானதை ஆதரிக்கும். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதி மாறக் கூடாது என்ற இயற்கையின் கட்டளை இது. காந்தம் இல்லாத எந்த அமைப்பும் இதை மீற முடியாது. சுவருக்கு முன்னால் எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் சமமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். எனவே மறுபக்கம் வந்த மொத்தத்தையும் கூட்டினால் மேலும் கீழும் சரிசமம். தேர் வடத்தை இரு முனையிலும் ஒரே அளவு ஆட்கள் எதிரெதிராக இழுத்தால் தேர் அசையுமா?

அசைய வைக்க வழி இருக்கிறது. ஒரு முனையில் ஆட்களைக் கூட்ட வேண்டும். சுவருக்கு இணையாக ஒரு சின்ன மின்புலம் கொடுத்தால் இடப்பக்கமாகப் பாய்பவை கொஞ்சம் மிகும், வலப்பக்கமாகப் பாய்பவை குறையும். உடனே மறுபக்கத்தில் ஒரு ஸ்பின் மேலோங்கும். 2004-இல் தரசென்கோ, பெரெல், யாசியெவிச் மூவரும் இதன் மறுபாதியையும் எழுதினார்கள்: ஸ்பின் சீராக அணிவகுத்த எலக்ட்ரான்களைச் சுவர் வழியே அனுப்பினால், சுவருக்கு இணையாக ஒரு மின்னோட்டம் தானாகப் பிறக்கும். அதாவது ஸ்பின் நிலவரத்தைச் சாதாரண மின் அளவீட்டாலேயே கண்டுபிடித்துவிடலாம். சுவர் பிரித்துக் கொடுக்கும் என்பது உண்மை. எந்தத் திசையை மிகுதியாக்குவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் "காந்தமில்லா ஸ்பின் வடிகட்டி" என்று மட்டும் பெருமைப்படுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: எல்லாம் காகிதக் கணக்குதானா? யாராவது செய்து பார்த்தார்களா?
– பள்ளி ஆய்வக உதவியாளர், அரியலூர்

பதில்: ஊடுருவலில் இந்தப் பிணைப்பின் கைரேகையைப் பிடித்திருக்கிறார்கள். 2007-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, இரும்பு – காலியம் ஆர்சனைடு – தங்கம் என்று மூன்றடுக்கு செய்தது. ஒரு பக்கம் மட்டும்தான் காந்தம். அதுவும் ஸ்பின் திசையைக் காட்டும் முள்ளாக மட்டும் பயன்பட்டது. இரும்பின் காந்தத் திசையைப் படலத்தின் தளத்திலேயே மெல்லச் சுழற்றியபோது மின்தடை ஏறி இறங்கியது. எதிரே தங்கம். தங்கத்துக்குக் காந்தம் என்ன தெரியும்? சுவரும் அதன் முகங்களும் படிகத்தின் திசைகளைக் கவனிக்கின்றன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு திசையில் ராஷ்பாவும் டிரெஸ்ஸல்ஹாஸும் கூட்டாகச் சேர்கின்றன, அதற்குச் செங்குத்தான திசையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றியபோது ஏற்ற இறக்கமே தலைகீழானது. ராஷ்பாவின் பங்கு மாறியதன் அடையாளம் அது.

விளைவின் அளவு 1 விழுக்காட்டுக்கும் கீழே. கடைச்சரக்குக்கு இது காணாது. சான்றுக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: 10 நானோமீட்டர் சுவரை எந்தக் கொத்தனார் கட்டுகிறார்?
– கட்டட ஒப்பந்ததாரர், ஈரோடு

பதில்: மூலக்கூற்றுக் கற்றை முறை என்று ஒன்று இருக்கிறது. 1960-களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரெட் சோவும் ஜான் ஆர்தரும் வளர்த்தெடுத்த வழி. காற்றை முழுதாக உறிஞ்சி எடுத்த எஃகு அறை. சுற்றிலும் சிறு உலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடி திறந்தால் காலியம் ஆவியாகப் போய்ச் சூடான தகட்டில் படியும், மூடினால் நிற்கும். நொடிக்கு ஏறக்குறைய ஓர் அணு அடுக்கு என்ற நிதானத்தில் வளரும். தகட்டை உரசினாற்போல் ஓர் எலக்ட்ரான் கற்றையை விட்டு எதிர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுக்கு பாதி நிரம்பும்போது திரையில் ஒளி மங்கும், முழுதாக நிரம்பியதும் பளிச்சிடும். ஒவ்வொரு பளிச்சுக்கும் ஓர் அடுக்கு என்று எண்ணிக்கொண்டே வரலாம்.

மேலே சொன்ன காலியம் ஆண்டிமனைடு சுவருக்கு முப்பத்துச் சொச்சம் அடுக்குகள், வளர்ப்பதற்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். பிழைக்கு மட்டும் இடமே கிடையாது: ஒரே ஓர் அடுக்கு கூடிப்போனாலும் ஊடுருவல் கால்வாசி குறைந்துவிடும்.

கேள்வி: தத்தா–தாஸ் டிரான்சிஸ்டர் என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்களே, அது என்ன ஆயிற்று?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: பர்டூ பல்கலைக்கழகத்தின் சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாஸும் 1990-இல் சொன்ன யோசனை அது. ஸ்பின்னோடு எலக்ட்ரானை அனுப்பு, வழியில் ராஷ்பா விளைவை மின்னழுத்தத்தால் திருகி ஸ்பின்னைத் திருப்பு, மறுமுனையில் ஏற்றுக்கொள் அல்லது திருப்பி அனுப்பு. யோசனை அழகு, முதல் படியிலேயே கால் இடறியது. காந்த உலோகத்திலிருந்து குறைக்கடத்திக்குள் ஸ்பின் இறங்க மறுத்தது. இரண்டின் மின்கடத்தும் திறனுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருப்பதே காரணம் என்று 2000-இல் ஷ்மிட் குழு விளக்கியது. அதே ஆண்டில் தீர்வு சொன்னவர் யார் தெரியுமா? ராஷ்பாவேதான்! இரண்டுக்கும் நடுவே ஓர் ஊடுருவல் சுவரை எழுப்புங்கள் என்றார். ஸ்பின்னைத் திருப்ப வழி காட்டியவரே அதை உள்ளே கொண்டுசேர்க்கவும் வழி காட்டினார். 2009-இல் கொரியாவில் ஒரு குழு இண்டியம் ஆர்சனைடு கால்வாயில், கடுங்குளிரில், மின்னழுத்தத்தால் ஸ்பின்னைத் திருப்பும் அந்த ஆட்டத்தைச் செய்துகாட்டியது. அறை வெப்பநிலையில் சிலிக்கானோடு போட்டி போடும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

கேள்வி: மக்கள் பணத்தில் இந்த ஆராய்ச்சி எல்லாம் தேவையா? நேராகச் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

பதில்: நேராகவே சொல்கிறேன், தேவை. 1957-இல் லியோ எசாகி, பின்னாளில் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனியில் டிரான்சிஸ்டர்களின் குறையை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஜெர்மானியம் டயோடில் ஊடுருவலைக் கண்டார். மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் குறைந்தது. அதற்கு 1973-இல் நோபல் பரிசு. காந்த ஊடுருவல் இன்று மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகச் சில்லாகக் கடையில் கிடைக்கிறது. காந்தமில்லாத ஸ்பின் ஊடுருவல் அப்படி எதுவாகவும் ஆகவில்லை, நாளைக்கே ஆகும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் காந்தத்தைத் திருப்புவதைவிட மின்னழுத்தத்தைத் திருகுவது எளிது. சில்லின் ஒரு மூலையில் மட்டும், அடுத்த மூலையைத் தொந்தரவு செய்யாமல் திருகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழியைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தடையும் இருக்கிறது. பிரித்துக் கொடுக்கும் அதே பிணைப்புதான், பிரித்த ஸ்பின்னைப் போகும் வழியில் கலைத்தும் விடுகிறது. எலக்ட்ரான் ஒவ்வொரு முறை மோதித் திசை மாறும்போதும் அதன் ஸ்பின் சுழலும் அச்சும் மாறுகிறது. 1971-லேயே இதை டியாகோனோவும் பெரெலும் எழுதிவைத்துவிட்டார்கள். ஆம், மேலே சொன்ன அதே பெரெல்.

கேள்வி: சுவரை ஊடுருவ எவ்வளவு நேரம் ஆகும்?
– ரயில்வே ஊழியர், அரக்கோணம்

பதில்: அதை அளக்கவும் ஸ்பின்தான் கடிகாரம். சுவருக்குள் மட்டும் ஒரு மெல்லிய காந்தப்புலத்தை வைத்தால், உள்ளே இருக்கும் நேரத்துக்குத் தகுந்தபடி ஸ்பின் திரும்பும். வெளியே வந்ததும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 2020-இல் டொரான்டோவில் ஸ்டைன்பெர்க் குழு, கடுங்குளிரூட்டிய ருபீடியம் அணுக்களை ஒளியால் ஆன சுவருக்குள் அனுப்பி 0.61 மில்லிநொடி என்று அளந்தது. அணு கனமானது, சுவரும் மைக்ரான் கணக்கில் தடிமன், அதனால் இவ்வளவு நேரம். எலக்ட்ரானுக்கு இது ஒரு யுகம்.

கேள்வி: நானும் ஏதாவது கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. பெரிய கணினி எல்லாம் இல்லை. எங்கே தொடங்குவது?
– முதுநிலை இயற்பியல் மாணவர், புதுக்கோட்டை

பதில்: இளநிலையில் போட்ட செவ்வகத் தடைக் கணக்கை எடுங்கள். சுவருக்குள் நிறையை மட்டும் இரண்டாக எழுதுங்கள்: ஒன்றில் 1 கூட்டல் ஒரு சிறு பின்னம், மற்றதில் 1 கழித்தல் அதே பின்னம். அந்தப் பின்னம் சுவருக்கு இணையான அலையெண்ணுக்கு நேர்விகிதம். எல்லையில் அலைச்சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதன் சரிவை நிறையால் வகுத்ததும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நிறையால் வகுக்க மறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஊடுருவலின் மடக்கையைத் தடிமனுக்கு எதிராக வரைந்தால் இரண்டு வளைகோடுகள் மெல்ல மெல்ல விலகிப்போவதைப் பார்ப்பீர்கள். பிறகு இணை அலையெண்ணின் குறியை எதிர்க்குறியாக்கி இன்னொரு முறை வரையுங்கள். வளைகோடுகள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். விருதுநகர்க்காரருக்கு நான் சொன்ன பதில் அந்த வரைபடத்தில் இருக்கும்.